காலையில் கிளம்பாத படகு

பேட்டரி அமிலத்தை அளக்கும் ஹைட்ரோமீட்டரின் கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை சிவப்புக் கோட்டுக்கும் கீழே இறங்கி நின்றது. படகு பேட்டரியின் ஆறு செல்லிலும் அப்படியே. ஒரு செல் மட்டும் இறங்கியிருந்தால் பேட்டரி கெட்டுவிட்டது எனலாம். ஆறும் ஒன்றுபோல இறங்கியிருந்தால், ஒன்று அதற்குச் சார்ஜ் ஏறவில்லை, இல்லை ஏறியது எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. எழுபதுகளின் நடுவில், இடுக்கி மலையில் ஓர் அணையின் படகுத்துறையில் நின்றபடி, இரண்டில் எது என்று கண்டுபிடித்துக் காட்டுகிறேன் என்று கர்வத்தோடு நினைத்துக்கொண்டேன்.

நான் நல்லேப்பிள்ளிக்காரன். நெல் விவசாயம் செய்த வீட்டிலிருந்து எலெக்ட்ரீஷியன் வேலைக்கு மலையேறி வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. படகை ஓட்டியவரை எல்லோரும் டிரைவர் அண்ணாச்சி என்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சக்குபள்ளம் ஏலத்தோட்டத்துக்குப் பிழைக்க வந்த குடும்பம். படகுதான் அவருக்கு வீடும். பின்பக்கம் பலகை அடைத்த சிறிய அறையில் அவரும் மனைவியும் ஆறு வருடம் குடியிருந்தார்கள். முந்தைய மழைக்காலத்தில், பாத்திரம் கழுவக் குனிந்த அந்த அம்மாள் வழுக்கித் தண்ணீரில் விழுந்துவிட்டார். மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. பிள்ளைகள் இல்லை. அண்ணாச்சி அதன்பிறகும் அந்த அறையை விட்டுப் போகவில்லை.

இரண்டு வாரமாகக் காலையில் எஞ்சின் கிளம்பாமல் அடம்பிடித்தது. ஒருநாள் அக்கரைத் தோட்டத்தில் பிரசவ வலி கண்ட பெண்ணைச் சின்ன வள்ளத்தில் துடுப்புப் போட்டுத்தான் கொண்டுவர நேர்ந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தது தெய்வச் செயல். அணையின் எஞ்சினீயர் கோபத்தோடு என்னை அனுப்பினார்.

முதல் நாள் பேட்டரியைக் கழற்றி முழுச் சார்ஜ் ஏற்றி மாட்டினேன். டைனமோ பெல்ட் தொய்யவில்லை. கார்பன் பிரஷ் தேயவில்லை. படகு அக்கரைக்குப் போய்த் திரும்பும்வரை மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சார்ஜ் ஒழுங்காக ஏறியது. மறுநாள் காலை மிதவை மறுபடியும் கீழே. அப்படியானால், படகு நிற்கும்போதுதான் மின்சாரம் போகிறது. அடிப்பலகைகளைத் தூக்கி ஒவ்வொரு ஒயராகப் பின்தொடர்ந்தேன். ஒரு சிவப்பு ஒயர் மட்டும் மெயின் சுவிட்சுக்குப் போகாமல், பேட்டரியிலிருந்து நேராகப் பின்னறைக்குப் போனது. அங்கே தண்ணீரைப் பார்த்த ஜன்னலில் ஜீப்பின் ஹெட்லைட் பல்பு ஒன்று கட்டியிருந்தது.

"ஏனுங்க அண்ணாச்சி, இது எதுக்குங்க?"

அவர் ஒயரைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"அவளுக்கு இருட்டுன்னா ஆகாது தம்பி. கல்யாணமான நாள்லருந்தே வெளக்க அணைக்க விடமாட்டா. இங்கன வெளிச்சம் கெடந்தா, தண்ணிக்குள்ள இருந்து பாத்தாலும் தெரியும்லா."

பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தப் புள்ளத்தாச்சிய வள்ளத்துல கொண்டாந்த அன்னைக்கே நிறுத்திரணும்னு நெனச்சேன். முடியல," என்றார்.

ஒயரைக் கழற்றிச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்தேன். இனிமேல் செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டு, அத்தோடு நான் விட்டிருக்கலாம். ஆனால் எஞ்சினீயர் கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னேன். பழுதைக் கண்டுபிடித்த பெருமையில், சொல்லத் தேவையில்லாததையும் சேர்த்துச் சொன்னேன். செத்துப்போன மனைவிக்கு விளக்குப் போடுகிறவனை நம்பி எப்படி ஆட்களை ஏற்றுவது என்று அவர் கேட்டார். மூன்றே நாளில் அண்ணாச்சியை மலைக்குக் கீழே ஒரு கிடங்குக்கு மாற்றினார்கள். படகில் இனி யாரும் தங்கக்கூடாது என்றும் உத்தரவு வந்தது.

அதற்கு அடுத்த வாரம், ஒர்க்‌ஷாப் மூலையில் கிடந்த ஒரு பழைய லாரி பேட்டரி கண்ணில் பட்டது. எஞ்சினைச் சுழற்றும் தெம்பு அதற்கு இல்லை. ஒரு பல்பை எரிக்கத் தாராளமாகப் போதும். பகலில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, ராத்திரி விளக்குக்கு மட்டும் அதைத் தனியாக வைத்திருந்தால் எஞ்சின் பேட்டரி இறங்கியே இருக்காது. பத்து நிமிட வேலை. எனக்கு அது அன்றைக்குத் தோன்றவில்லை. அண்ணாச்சி அங்கே இல்லை என்று தெரிந்தும், புத்தி கெட்டுப்போய், அதைத் தோளில் சுமந்து பஸ் ஏற்றிப் படகுத்துறைவரை கொண்டுபோனேன். பின்னறையின் பலகைகளைப் பிரித்து அடுக்கியிருந்தார்கள்.

இரண்டு வருடம் கழித்துக் குமுளி பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். ஆள் பாதியாகியிருந்தார். ஒதுங்கிப் போய்விட நினைத்தேன். அவரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"படகு இப்பம் காலையில ஒழுங்கா கெளம்புதா தம்பி?"

"கெளம்புதுங்க."

"அது போதும்," என்றார். "நீங்க சரியாத்தான் பாத்தீய."

அந்தப் பழைய பேட்டரியைப் பற்றி அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவ்வளவு சுலபமாக முடிந்திருக்கக்கூடிய காரியம் அது என்பது என்னோடு இருக்கட்டும், அவருக்குத் தெரிய வேண்டாம் என்று தோன்றியது. என் வேலையில் அதற்குப் பிறகு எத்தனையோ பேட்டரிகளைப் பார்த்துவிட்டேன். இன்று இதை எழுதும்வரை யாரிடமும் சொன்னதில்லை.