இரண்டு கையெழுத்து

எழுபதுகளில் சிட்னியில், டூங்கபி என்ற புறநகரில் இருந்தோம். வீடு வாங்குவதற்காக பில்டிங் சொசைட்டி என்ற சேமிப்புச் சங்கத்தில் மாதாமாதம் பணம் போட்டுவந்தோம். ஊரிலிருந்து யார் பணம் கேட்டாலும் என் கணவருக்கு இல்லையென்று சொல்ல வராது. அதனால், இருவரும் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று நானே பிடிவாதமாக ஏற்பாடு செய்தேன்.

அவர் தங்கையின் கல்யாணத்துக்கு யாழ்ப்பாணம் போயிருந்தபோது, அவருடைய நண்பர் போன் பண்ணினார்.

"தங்கச்சி, உங்கட சொசைட்டி வங்குரோத்தாகி விழப்போகுதாம். ஓடிப்போய்க் காசை எடுங்கோ."

கைக்குழந்தையோடு ஓடினேன். வரிசை தெருமுனைவரை நின்றது. மத்தியானம்தான் கவுண்டருக்கு வந்து சேர்ந்தேன். கணவரின் கையெழுத்தும் வேண்டும் என்று அங்கிருந்த பெண் சேமிப்புப் புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டாள். கெஞ்சினேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். குழந்தை அழுதது, நானும் அழுதேன்.

சொசைட்டி விழவில்லை. ஆனால் அது தெரியும்வரை எனக்குச் சோறும் இறங்கவில்லை, நித்திரையும் வரவில்லை.

அவர் திரும்பியதும் ஒருவர் கையெழுத்தே போதும் என்று மாற்றினோம். இன்றுவரை எந்தக் கணக்கையும் அப்படித்தான் திறக்கிறோம்.

அன்று, மாற்றும் படிவத்தில் கையெழுத்துப் போட்டபடி அவர் சொன்னார்: "ஊரில காசு கேட்ட ஆக்களுக்கு, மனிசியும் கையெழுத்து வைக்கவேணும் எண்டு சொல்லித்தான் தப்பினனான்."

ஊருக்கு மட்டும் அந்த மாற்றத்தை நாங்கள் இன்னும் சொல்லவில்லை.