கறுப்பெண்ணெய்

விபத்தில் வலது கால் முறிந்த பிறகு, என் மோட்டார் சைக்கிள் மூன்று வருடம் கிள்ளானில் தம்பி வீட்டில் கிடந்தது. போன சனிக்கிழமைதான் லோரியில் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை சுங்கை வேயில் எனக்குப் புது வேலை. காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அந்நேரத்துக்கு ரயிலை நம்ப முடியாது. வண்டி ஓடினால்தான் வேலை.

லோரியில் ஏற்றும்போதே தம்பி போனில் சொல்லியிருந்தான்: "அக்கா, வழியில கொட்டும்னு எண்ணெய எடுத்துட்டேன். ஊத்திட்டு ஸ்டார்ட் பண்ணு லா."

எங்கள் ஊரில் பெட்ரோலுக்கும் எண்ணெய் என்றுதான் பெயர். பெட்ரோல் நிலையத்துக்குப் போய் ஒரு கேன் வாங்கி வந்து டாங்கியில் ஊற்றினேன். பிறகு அந்தக் காலாலேயே உதைத்தேன். உதைக்கும் வரை பயம், உதைத்த பிறகு கோபம். முப்பது தடவையாவது இருக்கும். இருமக்கூட இல்லை. "சனியனே, இன்னிக்கா உனக்கு அடம்?" என்று இருக்கையில் ஓர் அறை விட்டேன். அழுகை வந்தது. உட்கார்ந்து அழுதேன்.

தம்பியைத் திட்டத்தான் போன் போட்டேன்.

"கறுப்பெண்ணெ ஊத்தினியா?" என்றான்.

"எண்ணெ ஊத்திட்டேன்டா, அரை டாங்கி."

"ஐயோ அக்கா! நான் எடுத்தது கறுப்பெண்ணெ, எஞ்சினுக்குள்ள ஊத்துறது! எஞ்சின் காலியா இருக்கு, ஸ்டார்ட் பண்ணிடாதே!"

அளவுக் குச்சியைத் திருகி எடுத்துப் பார்த்தேன். துடைத்து வைத்ததுபோல் காய்ந்து கிடந்தது. ஓடியிருந்தால் பங்சார் தாண்டுவதற்குள் எஞ்சின் இறுகிப் போயிருக்கும்.

முனைக்கடையில் எஞ்சின் எண்ணெய் வாங்கி வந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குச்சியின் இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிறுத்தினேன். பிளக்கைக் கழற்றினால் ஒரே துரு. அதனால்தான் இத்தனை நேரம் பொறி வரவில்லை. உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன். நாலாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. நிம்மதியில் சத்தமாகவே சிரித்துவிட்டேன். இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, மறுபடி குச்சியைப் பார்த்தேன். அடியில் விரித்த செய்தித்தாளில் ஒரு சொட்டும் இல்லை.

இருக்கையில் அறைந்த இடத்தைத் தடவிக் கொடுத்தேன். வண்டி மட்டும் முதல் உதையிலேயே என் பேச்சைக் கேட்டிருந்தால், திங்கட்கிழமை நான் வீட்டில்தான் இருந்திருப்பேன்.