கடல் கம்பம்

முட்டுக்காட்டில் செல்போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்ட வேண்டுமென்றால் ரிஃபானாவிடம்தான் போவார்கள். அண்ணன் சுஹைபின் கடை அது. ஆனால் கல்லாவில் சுஹைப் மட்டும் இருந்தால், "தங்கச்சி இல்லியா பாய், அப்பறமா வரேன்" என்று வந்தவர்கள் திரும்பிவிடுவார்கள். அவள் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைக் கிடத்தி நடுவில் ஒரு விரலை வைப்பாள். அவ்வளவுதான். ஒரு காற்றுக் கொப்புளம் இருக்காது. பந்து பிடிக்கிற கை என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

வேறு யாரும் சொல்லாததுதான் அவளுடைய நோய்.

அவள் கோல்கீப்பர் ஆன கதையே இன்னொருத்தி வாயிலிருந்து வந்ததுதான். ஆறாம் வகுப்பில் விளையாட்டு வாத்தியார் பந்தைக் கொண்டுவந்து, யார் கோலில் நிற்பது என்று கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. "இவ நிப்பா சார்" என்று பக்கத்திலிருந்த ரிஃபானாவைக் காட்டினாள் ஜெனிட்டா. அன்றைக்கு நின்றவள்தான். இருபத்து நாலு வயதாகிவிட்டது; இன்னும் ஜெனிட்டாவுக்கு எதிரில்தான் நிற்கிறாள்.

ஜெனிட்டாவின் அப்பா ஆபிரகாம் ஈசிஆர் ரிசார்ட் ஒன்றில் தோட்ட வேலை பார்க்கிறார். மகள் அடிக்கும் ஃப்ரீகிக்கைப் பார்க்க ரிசார்ட்டுக்கு வந்த வெளியூர்க்காரர்கள்கூட மைதானத்து ஓரத்தில் கார் நிறுத்துவதுண்டு. அதில் ஒருவர் எடுத்துப் போட்ட வீடியோ எங்கெங்கோ சுற்றியது. தடுப்பாக நிற்கும் ஆட்களின் தலைக்கு மேலே பந்து எழும்பும், வெளியே போவதுபோல் போகும், பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல் வளைந்து வலைக்குள் விழும். ஓரத்தில் ஒரு மஞ்சள் சட்டைக் கை மட்டும் தெரியும். அந்தக் கை ரிஃபானாவுடையது. "அக்கா, இதுல வுயுறது நீதான?" என்று கடைக்கு வந்தவர்கள் போனைக் காட்டிக் கேட்டார்கள். அந்தப் போன்களுக்கும் அவள் கொப்புளமில்லாமல் கண்ணாடி ஒட்டிக் கொடுத்தாள்.

முட்டுக்காட்டு மைதானத்தில் இடது, வலது என்ற பேச்சு கிடையாது. கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழி. கோலுக்கும் அப்படித்தான், கடல் பக்கம் நிற்பது கடல் கம்பம், மற்றது கழிக் கம்பம். வடக்குக் கோலில் எப்போதும் யாராவது மீன்வலை காயப்போட்டிருப்பார்கள் என்பதால் பயிற்சியெல்லாம் தெற்குக் கோலில்தான். மாலையில் கடல் காற்று ஏறிவிட்டால் தூக்கி அடித்த பந்து கழிப் பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். ஆகவே ஜெனிட்டா கடல் கம்பத்துக்கு வெளியே, ஆள் படுக்கிற தூரம் தள்ளிக் குறி வைப்பாள். மீதி வேலையைக் காற்று பார்த்துக்கொள்ளும். அதற்கேற்ப ரிஃபானாவும் கோலின் நடுவில் நிற்காமல் கழிக் கம்பத்தின் பக்கம் ஒரு எட்டு தள்ளி நிற்பாள். யோசித்துச் செய்வதல்ல. கால் தானாகப் போய் அங்கே நின்றுகொள்ளும்.

செங்கல்பட்டில் புதிதாகத் தொடங்கியிருந்த பெண்கள் பயிற்சிக்கூடம் ஒன்று, ஃப்ரீகிக் அடிப்பவர்களுக்கும் கோல்கீப்பர்களுக்கும் போட்டி வைப்பதாக அறிவித்தது. ஜெயிக்கிற ஒருத்திக்கு அங்கேயே பயிற்சியாளர் வேலை. ஒருத்திக்குத்தான்.

"இதான் கடைசி," என்றான் சுஹைப். "வேலைன்னு கெட்ச்சா ஆடு, நான் ஒண்ணும் சொல்லல. இல்லாங்காட்டி மூட்ட கட்டிட்டு கடைல குந்து. பொண்ணு கேட்டு வேற வந்துகினு கீறாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெனிட்டாவின் ஸ்கூட்டரில் திருப்போரூர் வழியாக இருவரும் போனார்கள். ஓட்டியது ஜெனிட்டா. பின்னால் இரண்டு பேருடைய பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு ரிஃபானா.

"பயமா கீதாடி?" என்று ஜெனிட்டா முன்னாலிருந்து கத்தினாள்.

"எனக்கு இன்னா பயம்?"

"எனக்குக் கீதுப்பா. உனக்கு எதிரா மட்டும் அடிக்க வுட்டுடக் கூடாதுன்னு மாதாவ வேண்டிகினு வரேன்."

ரிஃபானாவும் வேண்டிக்கொண்டுதான் வந்தாள். அவளுக்கு எதிராகவே நிற்க வேண்டும், ஊர் பார்க்க அவள் பந்தைப் பிடிக்க வேண்டும் என்று.

ஏரிக்கரையை ஒட்டிய செம்மண் மைதானம். முதல் சுற்றில் கோலுக்கு நேர் எதிரே, கிட்டத்திலிருந்து, தரையோடு அடிக்கச் சொன்னார்கள். ஜெனிட்டா அடித்ததில் ஒன்றுகூடத் தவறவில்லை. படாளத்திலிருந்து வந்திருந்த கோல்கீப்பர் சிநேகா அவளிடம் ஐந்து வாங்கிக்கொண்டு, "அந்தப் பொண்ணு காலா அது, கவண் மாதிரி கீது" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். தோற்றவளுக்கு ஏன் இத்தனை சந்தோஷம் என்று ரிஃபானாவுக்குப் புரியவில்லை. அவள் தன் சுற்றில் நான்கைப் பிடித்தாள். ஒன்று மட்டும் கடல் கம்பத்து ஓரமாக நுழைந்துவிட்டது; எந்த மைதானத்திலும் வலக்கைப் பக்கத்துக் கம்பம் அவளுக்குக் கடல் கம்பம்தான். கிளவுஸ் பழசு என்று நினைத்துக்கொண்டாள்.

இறுதிக்கு வந்தது அவர்கள் இருவரும்தான். மாதா கேட்கவில்லை, இவளுடைய துஆதான் பலித்தது.

நடத்துநர் ராஜாராம் மைக்கில் விதியைச் சொன்னார். "இது தூரத்து அடி. அஞ்சு பந்து. கோல் வுழுந்தா ஜெனிட்டாவுக்குப் பாயிண்ட், தடுத்தா ரிஃபானாவுக்கு. வெளிய போனா ரெண்டு பேருக்கும் ஒண்ணும் கெடையாது. கடைசில சமமா வந்தா, மொத ரவுண்டுல யாரு முன்னாடியோ அவங்களுக்கு."

தகரத்தில் வெட்டிய ஆட்களை வரிசையாகத் தடுப்புக்கு நிறுத்தினார்கள். ஜெனிட்டா பந்தை வைத்தாள், பின்வாங்கினாள், ஓடிவந்து அடித்தாள். பந்து தகரத் தலைகளைத் தாண்டி அழகாக எழுந்தது. அப்படியே போனது. வளையவில்லை. கடல் கம்பத்துக்கு வெளியே ஆள் படுக்கிற தூரத்தில் போய் விழுந்தது.

ரிஃபானாவுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. ஏரியில் ஒரு சுருக்கம் இல்லை. கரையிலிருந்த புங்க மரத்தில் இலை அசையவில்லை. இங்கே ஏது கடல், ஏது காற்று? ஜெனிட்டா முட்டுக்காட்டுச் சாயங்காலத்தைச் செங்கல்பட்டுக் காலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

இரண்டாவதும் அதே இடத்தில் விழுந்தது. ஜெனிட்டா குனிந்து பூட்ஸைப் பார்த்தாள். மூன்றாவதும் போனதும் கூட்டம் "த்சொ" என்றது. ஜெனிட்டாவைப் பார்த்து ஊர் "த்சொ" என்று சொல்லி ரிஃபானா கேட்டதே இல்லை. இன்னும் ஒருதரம் சொல்ல மாட்டார்களா என்றிருந்தது. ஜெனிட்டாவின் காலை எல்லோரும் பார்க்கட்டும். காற்று கொண்டுவந்து போட்ட பேரைக் காற்றில்லாத ஊரில் பார்க்கட்டும்.

நான்காவதும் வெளியே.

அப்போதுதான் ராஜாராம் மைக்கில் மறுபடி சொன்னார்: "இதுவும் வெளிய போனா சமம். மொத ரவுண்டுல ஜெனிட்டா முன்னாடி இருக்காங்க."

ஒரு பந்துகூட உள்ளே போடாமலே ஜெனிட்டா ஜெயிப்பாள். ரிஃபானா சும்மா நின்றுவிட்டு, மடியில் பைகளை வைத்துக்கொண்டு, பின்சீட்டில் வீட்டுக்குப் போவாள். அந்தக் கடைசிப் பந்து உள்ளே வந்தாக வேண்டும். வந்தால்தான் பிடிக்க முடியும்.

தண்ணீர் குடிக்கப் போவதுபோல் கோலை விட்டு நடந்துபோனாள். ஜெனிட்டாவின் கண் கலங்கியிருந்தது.

"இன்னாடி ஆச்சு எனக்கு? காலு வேற எவளோடதோ மாதிரி கீது."

"காலு நல்லாத்தான் கீது. கடல் எங்கடி கீது இங்க?"

ஜெனிட்டா ஒரு நிமிஷம் முழித்தாள். பிறகு மரத்தைப் பார்த்தாள், ஏரியைப் பார்த்தாள். வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ. அதான? ஏண்டி எங்கிட்டச் சொன்ன?"

"உள்ள வந்தாத்தான நான் புடிக்க முடியும்."

"புடிச்சிடுவியா?"

"இத்தினி வருசமா உன் காலத்தான பாத்துகினு கீறேன்."

ஜெனிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ரிஃபானா திரும்பிப் போய்த் தன் இடத்தில் நின்றாள்.

ஜெனிட்டா ஓடிவரும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இடுப்பு திரும்பிய விதம், ஊன்றிய காலின் விரல் காட்டிய திசை. கடல் கம்பம், ஆனால் இந்தத் தடவை உள்பக்கம். பந்து காலை விட்டுக் கிளம்புமுன்பே பாய்ந்தாள். இவ்வளவு சரியாக அவள் வாழ்க்கையில் பாய்ந்ததில்லை. கை நீண்டது, விரல் நீண்டது. விரல் நுனிக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு எட்டு தூரம் இருந்தது.

வலை அசைந்து நின்றது.

தரையில் கிடந்தபடியே அவள் திரும்பிப் பார்த்தாள். செம்மண்ணில் அவளுடைய குதிகால் தடம் பதிந்திருந்தது. கோலின் நடுவில் இல்லை. கழிக் கம்பத்தின் பக்கம், ஒரு எட்டு தள்ளி. காற்றில்லை என்று ஜெனிட்டாவுக்குச் சொன்னவள், தன் காலுக்குச் சொல்ல மறந்திருந்தாள்.

ஜெனிட்டா ஓடிவந்து அவளைத் தூக்கிக் கட்டிக்கொண்டாள். அதோடு விட்டாளா? மைக்கை வாங்கி, "இவதான் சார் சொன்னா. இவ சொல்லலன்னா அதுவும் வெளியதான் போயிருக்கும்" என்றாள். கூட்டம் ரிஃபானாவைப் பார்த்துக் கைதட்டியது. சிநேகா எழுந்து நின்று தட்டினாள். வாழ்நாளெல்லாம் காத்திருந்த கைதட்டல் அது. சுருட்டி அவர்கள் முகத்திலேயே எறியலாம்போல் இருந்தது.

"பெரிய மனசும்மா உனக்கு" என்றார் ராஜாராம்.

இல்லை என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவைத்தாள்.

மறுநாள் காலையில் சுஹைப் கல்லாவுக்குப் பின்னாலிருந்த நாற்காலியைத் துடைத்துப் போட்டான். மஞ்சள் சட்டையை அவள் அம்மா துவைத்து, மடித்து, பீரோவின் அடித்தட்டில் வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜெனிட்டாவின் ஸ்கூட்டர் கடை வாசலில் ஹார்ன் அடித்துவிட்டுச் செங்கல்பட்டுக்குப் போனது. பின்சீட்டில் இப்போது ஒரு மூட்டைப் பந்து.

ஒருநாள் மத்தியானம் ஆபிரகாம் புதுப் போனோடு வந்தார்.

"பாப்பா, கிளாஸ் ஒட்டணும். ஜெனிதான் உங்கிட்டயே குடுன்னா."

அவள் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைக் கிடத்தி, விரலை வைத்தாள். "எரியுதா பாரும்மா" என்று அவர் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினார். திரை நிறைய ஜெனிட்டா, செங்கல்பட்டில் வாங்கிய கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. அவள் முகத்துக்கு நேர் மேலே, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில், ஒரு கொப்புளம்.

கொப்புளத்தைத் தள்ளி வெளியேற்றுகிற அட்டை கையிலேயே இருந்தது. ஓரமாக ஒரு தள்ளு தள்ளினால் போய்விடும்.

"அது இன்னா பாப்பா, நடுவுல?"

"ரெண்டு நாள்ல தானா போயிடும் அங்கிள்" என்று சொல்லி, போனைத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள் ரிஃபானா.