கோட்டு மாமாவின் குரல்

போன வாரம் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் வந்துகொண்டிருந்தபோது, பழைய டிவி காலை நிகழ்ச்சி ஒன்றின் சின்னத் துண்டு கைப்பேசியில் வந்தது. யாரோ பத்திரமாக எடுத்து வைத்திருந்திருக்கிறார்கள். அதே மஞ்சள் சோபா, அதே பிளாஸ்டிக் பூச்சாடி, நிகழ்ச்சி நடத்தும் அதே கோட்டு மாமா, பக்கத்தில் அதே புடவை அக்கா. ஆசையாக இயர்போனைக் காதில் வைத்தேன். கோட்டு மாமா வாயைத் திறந்தார். கீச்சென்று மெல்லிய குரல் ஒன்று வந்தது. எனக்குக் கோபமே வந்துவிட்டது. யாருடைய குரலையோ ஒட்டவைத்து ஏமாற்றுகிறார்கள் என்று நிஜமாகவே நினைத்தேன்.

பொன்னேரி தாண்டிய பிறகுதான் உறைத்தது, அவர் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை என்று.

அப்போது நாங்கள் புதுவாயலில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். எட்டு வீட்டு ஆண்களும் சிப்காட் பக்கம் நைட் டூட்டிக்குப் போகிறவர்கள். காலையில் கம்பெனி பஸ் அவர்களை இறக்கிவிட்டுப் போனதும் எங்கள் வரிசையில் சத்தம் நின்றுவிடும். பாத்திரத்தைத் துணி விரித்துத்தான் கீழே வைப்பார்கள். ஊரெல்லாம் கூவி வரும் கீரைக்காரம்மாகூட எங்கள் தெருமுனையில் வாயை மூடிக்கொண்டு, கதவை விரலால் சுரண்டுவாள். டிவி ஓடலாம், சத்தம் கூடாது. எட்டு வீட்டிலும் எட்டு டிவி ஊமையாக ஓடும். டிவி என்றாலே அப்படித்தான் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

அப்பாவுக்கு இரும்பு உருக்கும் கம்பெனியில் பன்னிரண்டு மணி நேர டூட்டி. வந்து குளித்து, நாஷ்டா முடித்து, பழைய புடவையைத் திரையாகக் கட்டிய மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். அதே நேரத்தில் நிகழ்ச்சி தொடங்கும். அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டே புடவை அக்காவுக்குக் குரல் கொடுப்பாள். கோட்டு மாமா நான். தொண்டையைத் தடிக்க வைத்துக்கொண்டு வணக்கம் சொல்வேன். எட்டரை மணிக்கு பிஸ்கட் கம்பெனி வேன் வந்து அம்மாவை ஏற்றிக்கொள்ளும். அவள் திரும்புவதற்குள் அப்பா சாயங்கால பஸ் ஏறியிருப்பார். ஞாயிற்றுக்கிழமையெல்லாம் அப்பா அடித்துப் போட்டதுபோல் தூங்குவார்.

அம்மாவின் புடவை அக்கா கொஞ்சம் விசித்திரமானவள். ரேஷன் கடையில் பாமாயில் வந்திருக்கிறது, நேயர்கள் தூங்கி எழுந்ததும் போய் வாங்கவும் என்பாள். மழை வரும்போல் இருப்பதால் நேயர்கள் கொடித் துணியை எடுத்து வைக்கவும் என்பாள். சாயங்காலம் பார்த்தால் பாமாயில் வந்திருக்கும், துணி மடித்திருக்கும். டிவியில் சொன்னதை அப்பா தூக்கத்திலேயே எப்படிக் கேட்டார் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். அவர் தூங்குவதற்காக டிவியை ஊமையாக்கிவிட்டு, அவர் தலைமாட்டிலேயே உட்கார்ந்து பேசினோமே, அதில் இருந்த கோளாறு எனக்குத் தட்டுப்படவில்லை.

ஒரு வருடம் என் தாய்மாமாவுக்குத் திருநின்றவூரில் கல்யாணம் நடந்தது. அப்பா டூட்டி முடிந்து நேரே மண்டபத்துக்கு வருவதாகப் பேச்சு. அன்று அவருடைய ரிலீவர் வரவில்லை. மாற்றுக்கு ஆள் வராமல் உலைப் பக்கத்தை விட்டு யாரும் நகரக்கூடாது என்பது அங்கே சட்டம். நகரக்கூடாது சரி, தகவலாவது சொல்லியிருக்கலாம். மூத்த மருமகனுக்கென்று தாம்பாளத்தில் வைத்த வேட்டி சட்டை தாலி கட்டும்வரை அப்படியே இருந்தது. எங்கே அவர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா ஒரே சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தாள். மடிப்புக் கலையாத வேட்டி சட்டையை அவளே பையில் போட்டு ஊருக்குக் கொண்டுவந்தாள்.

அப்பா ரிலீவர் கதையைச் சொன்னார். அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அங்க அத்தினி பேருக்கும் நான் ஒருத்தியே பதில் சொல்லிக்கினு நின்னேன். எனக்கு ஒரு ரிலீவர் வந்தாங்களா?"

அதோடு பேச்சு நின்றது. புடவை அக்காவும் நின்றுபோனாள். இரண்டு வாரம் நான் ஒருத்தியே இரண்டு குரலும் கொடுத்தேன். கோட்டு மாமா கேட்ட கேள்விக்கு அக்கா பதில் சொல்வதற்குள் மூச்சு வாங்கியது. வீட்டில் அதைவிடப் பெரிய கஷ்டம் நடப்பதாக எனக்குத் தெரியவில்லை. அம்மா இரண்டு முறை பீரோவைத் திறந்து பையில் துணி அடுக்கினாள், இரண்டு முறையும் திரும்ப எடுத்து உள்ளே வைத்தாள். வீட்டைச் சுத்தம் செய்கிறாள் என்று நினைத்தேன்.

என் கவலையெல்லாம் வேறு. என் பிறந்த நாள் வந்துகொண்டிருந்தது. புதுவாயல் ஸ்டுடியோவில் எடுத்த பாஸ்போர்ட் போட்டோவை நிகழ்ச்சிக்கு அனுப்பியிருந்தேன். கடைசிப் பத்து நிமிடத்தில் பிறந்த நாள் குழந்தைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக வரும். கீழே பெயர் வரும். லைன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

அன்று புதுச் சட்டையோடு டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தேன். அம்மா சாப்பாட்டுக் கூடையைத் தோளில் மாட்டி, வேனுக்குக் கிளம்பும் தோரணையில் வாசல்படியில் நின்றாள். முகங்கள் வரத் தொடங்கின. ஒரு பையன், இன்னொரு பையன், மொட்டை அடித்த குழந்தை. அப்போது மூலையில் புடவைத் திரைக்குப் பின்னாலிருந்து கனத்த, கொஞ்சம் கரகரத்த குரல் கேட்டது.

"வணக்கம் நேயர்களே. இன்னிக்கு ஒரு லெட்டர் வந்துகீது. கல்யாணத்துக்குப் போவாத ஒரு ஆளு எழுதிகீறாரு. தப்பு அவரு மேலதான்னு எழுதிகீறாரு."

திரும்பிப் பார்த்தேன். திரையை விலக்கிக்கொண்டு அப்பா நின்றார். அந்த வேட்டி, அந்தச் சட்டை. மடிப்புக் கோடுகள் சட்டையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. தூக்கமில்லாத கண்கள் சிவந்திருந்தன. மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

அம்மா கூடையை இறக்கவில்லை. வாசல் பக்கம் பார்த்தபடியே, புடவை அக்காவின் குரலில் பேசினாள்.

"லெட்டரு ரொம்ப லேட்டு, சார். இருந்தாலும் முழுசாப் படிங்க."

நான் டிவி பக்கம் திரும்பினேன். முகங்கள் முடிந்துவிட்டிருந்தன. புடவை அக்கா கோப்பையில் காபி குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அந்த அக்கா வாயே தொறக்கல. நீங்களா தப்புத் தப்பா பேசிக்கினுகீறீங்க," என்று கத்திவிட்டு ஓவென்று அழுதேன்.

என் முகம் வந்ததாம், பெயரும் வந்ததாம், பக்கத்து வீட்டு அத்தை ஓடிவந்து சொன்னாள். லைனில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், எங்கள் மூன்று பேரைத் தவிர. அதற்குப் பிறகு கோட்டு மாமாவின் வேலை அப்பாவுக்கே போய்விட்டது. எனக்கு விளம்பரங்களை மட்டும் விட்டுவைத்தார்கள். நிகழ்ச்சி நின்றுபோகும்வரை அந்தக் கரகரத்த குரல்தான் எங்கள் வீட்டில் வணக்கம் சொன்னது. ரயிலில் நான் தேடியது அதைத்தான்.

அன்று வெளியே பிஸ்கட் கம்பெனி வேன் இரண்டு தரம் ஹாரன் அடித்தது. அம்மா போகவில்லை. அழுத பிள்ளையைச் சமாதானப்படுத்தத்தான் அவள் லீவு போட்டாள் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. பள்ளிக்கூடத்தில் சாக்லேட் கொடுக்கும்போது எல்லோரிடமும் அதைச் சொன்னேன். என் கையில் சாக்லேட் பையைத் திணித்து, பக்கத்து வீட்டு அத்தையோடு என்னை அவசர அவசரமாகப் பள்ளிக்கு அனுப்பி, கதவைச் சாத்திக்கொண்டதும் அம்மாதான் என்பது அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.