ஹாரன் அடித்த லாரிக்காரர்கள்

இன்று திருவொற்றியூர் டீக்கடையில் ஒரு டிரெய்லர் ஓட்டுநர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடிகாலைல எண்ணூர் ரோட்டுல ஓடுவியே, அந்தப் பொண்ணு தானம்மா நீ?"

துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் லாரி வரிசையை ஒட்டித்தான் அப்போது என் பயிற்சி. என்னைக் கண்டதும் ஹாரன் அடிப்பார்கள். கிண்டல் என்று நினைத்து, கோபத்தில் இன்னும் வேகமாக ஓடுவேன். அதை அவரிடமே சொன்னேன்.

"கிண்டலா? ரோடு பூரா பள்ளம். நீ வர்றன்னு அடுத்த வண்டிக்குச் சொல்லத்தான் ஹாரன். அவன் லைட்ட போடுவான்ல."

விளக்குகள் ஏன் வரிசையாக எரிந்தன என்று நான் யோசித்ததே இல்லை.

அங்கே ஓடித்தான் பத்தாயிரம் மீட்டரில் மாநில சாதனை செய்தேன் என்று சொல்லி, நன்றி சொன்னேன்.

"ரெகார்டா? தெனிக்கும் கம்பெனி பஸ்ஸ வுட்டுட்டு ஓடிக்கினு கீறன்னு இல்ல நெனச்சோம். ஒரு நாளாச்சும் பஸ்ஸ புட்ச்சியா?"

"புட்ச்சேண்ணே" என்றேன்.

அந்தச் சாதனைதான் நான் பிடித்த பஸ், சரிதானே?