பெட்டிக்குள் நின்றுபோன சீர் வாட்ச்

சோணைக்கு உட்காரத் தெரியாது. சிம்மக்கல் வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவன். வேலை இல்லாத நேரத்திலும் நின்றபடியே பாதி டீயைக் குடித்துவிட்டு, மீதியை வைத்துவிட்டு நடையைக் கட்டுவான். ஒரே தங்கை ஒச்சம்மாளின் கல்யாணத்தைக்கூட அப்படித்தான் ஓடி ஓடி முடித்தான்.

அது எழுபத்தேழாம் வருஷம். எச்.எம்.டி. கட்டினாலே ஊர் திரும்பிப் பார்க்கும். மாப்பிள்ளை சிவனாண்டிக்கோ சுவிஸ் வாட்ச்தான் வேண்டுமாம்! சோணை கறவை மாட்டை விற்று, கோரிப்பாளையத்தில் சிங்கப்பூர் சாமான் விற்கும் பாயிடம் வாங்கிவந்தான். பொன்னிற முகம், நொடி முள் துள்ளாமல் வழுக்கிக்கொண்டே போகும். பந்தலில் அதை மாப்பிள்ளை கையில் கட்டியபோது கூட்டமே எட்டிப் பார்த்தது. சோணைக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் மாதம் ஒச்சம்மாள் துணிப்பையோடு வாசலில் வந்து நின்றாள்.

"செத்த வாட்சக் குடுத்து ஏமாத்திட்டான் ஒங்கண்ணன்னு அத்தை பேசுதுண்ணே. ஓடுற வாட்சோட வா, இல்லாட்டி அங்கனயே இருன்னுட்டாக."

வாட்சை நீட்டினாள். முள் அசையவில்லை. இத்தனூண்டு முள் தங்கச்சி வாழ்க்கையையே நிறுத்திவிடும் போலிருந்தது. வாட்சைக் கைக்குள் பொத்திக்கொண்டு, பாயை வாயில் வந்தபடி வைதுகொண்டே வைகைப் பாலத்தைத் தாண்டி ஓடினான்.

கடையில் கையை விரித்தான். முள் ஓடிக்கொண்டிருந்தது!

பாய் சிரித்துவிட்டார். "இது ஆட்டோமேட்டிக்ணே. சாவி குடுக்க வேணாம். கை அசைஞ்சா ஓடும். கழட்டி வச்சா ரெண்டு நாள்ல நின்னுரும். அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்கதான் 'வாரேன் பாய்'னு தெருவுல எறங்கி ஓடிட்டீங்க."

தன் தலையிலேயே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது அவனுக்கு.

மறுநாள் தங்கையைக் கூட்டிக்கொண்டு உசிலம்பட்டி பஸ் ஏறினான். சீரில் வந்த பொருள் என்று சிவனாண்டி அதைப் பட்டுத்துணியில் சுற்றிப் பெட்டியில் பூட்டி வைத்திருந்திருக்கிறான். விசேஷ வீடுகளுக்கு மட்டும்தான் கட்டுவானாம். விவரம் தெரிந்தும் ஆள் கட்டிலை விட்டு எழவில்லை.

"தெனமும் கட்டுனா கீறல் விழுந்துராதா மச்சான்? கைய ஆட்டிக்கிட்டே இருக்க எனக்கு வேற சோலி இல்லையா?"

சோணைக்கு நாக்கு நமநமவென்றது. தங்கைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டான். ஒச்சம்மாள் வாட்சை எடுத்துத் தன் கையில் மாட்டினாள். தொளதொளவென்று இருந்ததை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"தண்ணி எறைக்கிறது, மாவாட்டுறது, களையெடுக்கிறது அம்புட்டும் இந்தக் கைதான. நானே ஓட வச்சுத் தாரேன். விசேஷத்துக்குப் போறப்ப வாங்கிக் கட்டிக்கிருங்க."

சிவனாண்டி கூரையைப் பார்த்தான். மாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மணி என்னாச்சு தாயி?" என்று மருமகளிடமே கேட்டாள்.

சோணை அன்றைக்கு உட்கார்ந்து காப்பியை முழுசாகக் குடித்தான்.