நாற்பத்தொன்றாம் பக்கம்

சார்ப்காயாவில் நெர்மினை அறியாதவர்கள் குறைவு. கருங்கடலைப் பார்த்திருக்கும் அந்த மலைச்சரிவு ஊரில், ஹேசல் கொட்டைப் பருப்பு பொறுக்கும் ஆலையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள். நகரும் பட்டையில் ஓடுகிற பருப்புகளில் சொத்தையை அவள் கண் தூக்கத்தில்கூடக் கண்டுபிடித்துவிடும். முப்பத்தெட்டாவது வயதில் கால் வீங்கியது, மூச்சு இரைத்தது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார்கள். கணவன் அதற்கு முன்பே மீன்பிடிப் படகோடு போய்ச் சேர்ந்திருந்தான். உறவென்று மிஞ்சியது தம்பி செலாமி, பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார்.

வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்கு மாகாணத் தலைநகருக்குப் போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம். திரும்பும் பேருந்தில் அவள் வாந்தி எடுக்காத நாளில்லை.

வஹித் மேயரானது அந்த வருடம்தான். கல்குவாரிக்காரர், கனத்த குரல். நெர்மின் வீட்டுக்கு ஒருநாள் அவரே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார், அவள் வைத்த சோள ரொட்டியையும் பீன்ஸ் ஊறுகாயையும் மிச்சம் வைக்காமல் தின்றார்.

"அடுத்த வருஷம் நீ அந்த பஸ்ஸுல ஏற மாட்டே. இது இந்த பாபா வாக்கு" என்றார்.

பதினோரு மாதத்தில் ஊர் ஆஸ்பத்திரியில் ஆறு நாற்காலிகளோடு டயாலிசிஸ் பிரிவு திறந்தார். வீட்டு வாசலிலிருந்து கூட்டிப்போக நகராட்சி வேனும் வந்தது. நெர்மின் அழுதாள். அடுத்தடுத்து மூன்று தேர்தலில் அவருக்கே குத்தினாள். ஊரே அவரை வஹித் பாபா, அதாவது வஹித் அப்பா, என்றது, அவளும் அப்படியே அழைத்தாள்.

அப்பா என்ற பெயர் வந்ததும் ஊரார் பிள்ளைகளாகிப் போனார்கள். நகர மன்றக் கூட்டம் பூட்டிய கதவுக்குள் நடந்தது. உள்ளூர்ப் பத்திரிகைக்கு நகராட்சி விளம்பரம் நின்றது, பிறகு பத்திரிகையே நின்றது. டீக்கடையில் அவர் பேச்சு வந்தால் ஆட்கள் முதலில் தோளுக்குப் பின்னால் பார்த்தார்கள்.

மேயரின் குவாரிச் சேறு ஓடையை மூடியபோது கீழ்த்தெருக் கிணறுகள் கலங்கின. செலாமி வீடு வீடாகப் போய், குவாரிக்கு எதிரான மனுவுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கினான். மனுவை அனுப்பிய எட்டாம் நாள், மேயரை அவமதித்தான் என்று வழக்குப் போட்டு அவனை உள்ளே தள்ளினார்கள். ஏழு மாதம்.

அதே வாரம் வேன் அவள் வாசலில் நிற்காமல் போனது. மறுமுறை வந்தபோது நெர்மின் ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். டிரைவர் ரெஜெப் கண்ணாடியைப் பாதிதான் இறக்கினான்.

"அக்கா, பட்டியல்ல உங்க பேரு இல்ல."

"பதினாலு வருஷமா ஏத்திக்கிட்டுப் போறே, என்னைத் தெரியாதா உனக்கு?"

"தெரியும். பட்டியலுக்குத் தெரியலையே, நான் என்ன பண்ண? எனக்கும் புள்ளகுட்டி இருக்கு அக்கா."

அது ஜனவரி. பிரதான சாலைக்கு மூன்று கிலோமீட்டர் இறக்கம், பனி. வீங்கிய காலோடு இறங்கி மினிபஸ் பிடிக்க வேண்டும், ரத்தம் சுத்தமாகித் தலை சுற்றும் உடம்போடு அதே மேட்டில் ஏற வேண்டும். பதினோரு வாரம் ஏறி இறங்கினாள். இரண்டு முறை வழியில் விழுந்தாள்.

பன்னிரண்டாவது வாரம் மேயரின் குறைகேட்கும் நாளில் போய் நின்றாள். அறை நிறைய ஜனம். அவர் எழுந்து வந்து அவள் தலையை வருடினார்.

"அப்பனுக்கு எதிரா புள்ளைங்க கையெழுத்துப் போடலாமா, நெர்மின்? உன் தம்பியை யாரோ கெடுத்துட்டாங்க. அதை மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போம்மா."

காகிதம் ஏற்கெனவே தட்டச்சாகி இருந்தது. 'என் தம்பி வெளியாட்களின் பேச்சைக் கேட்டு ஊரைத் தூண்டினான்.' அவள் கையெழுத்திட்டாள். அவர் கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். மறுநாள் வேன் வந்தது. அந்தக் காகிதத்தை நீதிமன்றத்தில் வாசித்தார்கள்.

வெளியே வந்த செலாமி ஊரில் இருக்கவில்லை. தொலைவிலுள்ள புர்சா நகரத்துக்குப் போகும்முன் அக்காவைக் கட்டிக்கொண்டு, "நீ உசுரோட இருக்கணும்னுதானே போட்டே. சரியாத்தான் செஞ்சே" என்றான். திட்டியிருந்தால் ஆறியிருக்கும். அந்த வார்த்தை ஆறவில்லை.

இரண்டு வருடம் கழித்து வஹித் மாரடைப்பில் இறந்தார். மருமகன் ஓர்ஹான் மேயரானார். பாபாவுக்கு நினைவுநூல் போடுவதென்று முடிவாயிற்று. நகராட்சிக் கலாசாரப் பிரிவிலிருந்து பெல்கிஸ் என்ற இளம்பெண் ஒலிப்பதிவுக் கருவியோடு நெர்மின் வீட்டுக்கு வந்தாள். நெர்மின் டீ ஊற்றிக்கொடுத்து எல்லாவற்றையும் சொன்னாள். சோள ரொட்டி தின்றதை, ஆறு நாற்காலியை, பட்டியலை, பனியை, காகிதத்தை. பெல்கிஸின் டீ ஆறிப்போனது.

"எல்லாம் பதிவாயிடுச்சு அத்தை" என்றாள், போகும்போது.

ஆறு மாதத்தில் புத்தகம் வந்தது. வழவழப்பான தாள். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நெர்மினின் புகைப்படம், கீழே மூன்று வரி: 'வேன் என் வாசலுக்கே வந்தது. அவர் எனக்கு அப்பா. அவர் இல்லையென்றால் நான் இல்லை.' கடைசி வாக்கியத்தை அவள் சொல்லவே இல்லை.

புத்தகத்தை டயாலிசிஸ் நாற்காலியில் வைத்துத்தான் பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் ஹவ்வா, அவளைவிட மூத்தவள், பத்து வருடமாக அதே இடத்தில் ஊசி குத்திக்கொள்பவள்.

"பாதியை முழுங்கிட்டாங்க, ஹவ்வா அக்கா! நான் சொன்னதுல பாதியை முழுங்கிட்டாங்க!"

"செத்த மனுஷன். விட்டுத் தொலையேன். நீ உக்காந்திருக்கிற நாற்காலி யார் போட்டது?"

"நம்ம வரிப்பணம் போட்டது. ஊரார் வீட்டு நெய்யை அள்ளி ஊத்திட்டு தன் கையை நக்கச் சொன்னாரு. நானும் நக்கினேன்."

"அவருக்கு முன்னாடி வந்தவனுங்ககிட்டயும் வரிப்பணம் இருந்துச்சு. ஒருத்தன் போட்டானா?"

நெர்மின் புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள். யாரும் போடவில்லைதான். கையில் குழாயோடு எழுந்து போகவும் முடியாது.

"போடல" என்றாள் கடைசியில். "இவர் போட்டாரு. அதை நான் எங்க வேணா சொல்லுவேன். ஆனா என்னைப் பனியில இறக்கிவிட்டதும் இவர்தானே? நாற்காலி குடுத்தவனுக்கு, உக்காந்தவ கழுத்தை நெரிக்க உரிமை உண்டா?"

"என் மகனுக்கு வேலை குடுத்தாரு" என்று ஹவ்வா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நன்றி கெட்ட பேச்சு என் காதுல விழ வேணாம்."

நூல் வெளியீட்டு விழா கலாசார மண்டபத்தில் நடந்தது. நன்றி சொல்ல ஐந்து பேரை அழைத்திருந்தார்கள், நெர்மின் நான்காவது. தன் பக்கத்தை வாசித்துவிட்டு இறங்க வேண்டும். அவள் ஒலிவாங்கி முன் நின்று மூன்று வரியையும் நிதானமாக வாசித்தாள். கைதட்டினார்கள். பிறகு புத்தகத்தை மூடினாள்.

"இது பாதி. மீதியை நானே சொல்லிடறேன். அந்த வேனை நிறுத்தினதும் அவர்தான். பதினோரு வாரம். என் தம்பி ஓடைக்காகக் கையெழுத்து வாங்கினான்னு, சாகக் கிடந்த என்னைப் பனியில நடக்க விட்டாரு—"

ஒலிபெருக்கி செத்தது. அவள் குரலை உயர்த்தினாள். பருப்பு ஆலையின் இரைச்சலுக்குள் பேசிப் பழகிய தொண்டை அது.

"தம்பிக்கு எதிரா நான் கையெழுத்துப் போட்டேன்! உசுருக்குப் பயந்து போட்டேன்! அந்த முந்நூத்திப் பன்னெண்டு பேர்ல இங்க எத்தனை பேரு உக்காந்திருக்கீங்க? உங்க வீட்டுல என்னத்தை நிறுத்தினாங்க? சொல்லுங்களேன்!"

"துரோகி!" என்று ஒருவன் கத்தினான். "பாவம், உடம்பு சரியில்லாத பொம்பள" என்று மேடையில் ஓர்ஹான் சிரித்துக்கொண்டே கைகாட்ட, இருவர் அவள் முழங்கையைப் பிடித்தார்கள். முன்வரிசை கூச்சல் போட்டது. பின்வரிசைகளில் பலர் தரையைப் பார்த்தார்கள். ஒருவரும் எழவில்லை. கதவோரம் நின்ற பெல்கிஸ் மட்டும் அவளோடு வெளியே வந்து, "முழுசா எழுதித்தான் குடுத்தேன் அத்தை. மேல வெட்டிட்டாங்க" என்றாள்.

"வெட்டினப்ப நீ என்ன பண்ணே?"

அதற்கு மேல் நெர்மின் கேட்கவில்லை. கேட்க அவளுக்கு மட்டும் என்ன வாய் இருந்தது?

டயாலிசிஸ் நாளான செவ்வாயன்று சாலைக்கு நடந்தே இறங்கத் துணிந்து, விடிந்ததும் பூட்ஸ் மாட்டி நின்றாள். ஆனால் வேன் வந்தது. யாரோ அவள் பேசியதைச் செல்பேசியில் பிடித்து ஊரெங்கும் அனுப்பியிருந்தார்கள், தேர்தலுக்கு மூன்று மாதம்தான் இருந்தது. "ஏறுங்க அக்கா, இப்ப உங்களை இறக்கிவிட யாருக்கும் தைரியமில்ல" என்றான் ரெஜெப். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. தைரியம் திரும்பி வந்தால் இறக்கிவிடுவார்கள் என்றுதானே அர்த்தம்?

அன்று மாலை செலாமி தொலைபேசியில் அழைத்தான்.

"கையெழுத்து விஷயத்தை எதுக்குக்கா ஊரறியச் சொன்னே? யாரும் கேக்கலையே."

"அவர் செஞ்சதை மட்டும் சொல்லிட்டு, நான் செஞ்சதை முழுங்கினா, எனக்கும் அந்தப் புத்தகத்துக்கும் என்னடா வித்தியாசம்?"

மறுமுனையில் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ஊரைவிட்டுப் போனபின் முதல்முறையாக, கோடை விடுமுறைக்கு வருவதாகச் சொன்னான்.

ஹவ்வா அந்த மாதம் முழுக்க நெர்மினைவிட்டுத் தள்ளி, ஜன்னலோர நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தாள்.